இரண்டே நாற்காலி போட்ட சமரச மேசை: ஆறு வாரப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

இடதுசாரிச் சாய்வுள்ள ஒருவரையும் வலதுசாரிச் சாய்வுள்ள ஒருவரையும் இணையராக்கி, ஆறு வாரம் காணொளி வழியாகப் பேசவைத்து, முடிவில் இருவரும் கையெழுத்திட்ட ஓர் உடன்பாட்டு அறிக்கையோடு அனுப்பிவைக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றைச் சென்ற மாதம் முடித்தேன். நடத்துகிறவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் குறைசொல்ல வந்திருப்பது இந்த வகைப் பயிற்சிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கையை என்பதால், ஒருவர் பெயரை மட்டும் இழுப்பது நியாயமாகாது. எந்தப் பிரச்சினையிலும் இரு தரப்புக்கும் நடுவே ஓர் இடம் காத்திருக்கிறது, பொறுமையாகப் பேசினால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதே அந்த நம்பிக்கை. அது எங்கே பலித்தது, எங்கே கைவிட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். இருபது ஆண்டுக்கும் மேலாகத் தொழிற்சங்க அலுவலகத்தில் கோரிக்கைப் பட்டியல் தயாரிப்பதும் ஊதியப் பேச்சுவார்த்தையில் உட்காருவதுமாகக் காலம் கழித்தவன் நான். ஆகவே சமரசம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவன் அல்லன். நான் பார்த்த ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுக்காமல் முடிந்தது ஒன்றுகூட இல்லை. எனக்கு வாய்த்த இணையர் ஒரு சிறிய பட்டறையின் உரிமையாளர். வரி குறைய வேண்டும், அரசு வழியை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், உழைக்கிறவன் தன்னால் மேலே வருவான் என்பது அவர் கட்சி. முதல் நாளே என்னைத் ‘தோழர்’ என்று கூப்பிடத் தொடங்கினார், பாதி கிண்டலாக. நான் அவரை ‘சார்’ என்றேன். அதிலும் பாதி கிண்டல் இருந்தது.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதுவும் சொல்வதற்கில்லை. ஒருவர் தம் கருத்தைச் சொன்னதும், மற்றவர் அதை மறுக்கும் முன், சொன்னவரே ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நான் மூன்று முறை தோற்றேன். ‘ஏழைகள் சோம்பேறிகள் என்று நீங்கள் நினைப்பதால்தான் வரியை எதிர்க்கிறீர்கள்’ என்று முதல் தடவை சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நான்காவது முயற்சியில்தான், மாதக் கடைசியில் சம்பளம் போடக் கையில் பணம் இருக்குமா என்று இருபத்தைந்தாம் தேதியிலிருந்து கணக்குப் பார்க்கும் ஒருவர், அந்தக் கணக்குக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு புதிய விதியையும் எப்படிப் பார்ப்பார் என்பது எனக்குப் பிடிபட்டது. அவர் என் வாதத்தை இரண்டாவது முயற்சியிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். அது சற்று அவமானமாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. இந்தப் பகுதிக்காக மட்டுமே இந்தப் பயிற்சியில் சேரலாம் என்பேன்.

மூன்றாம் வாரத்தில் உண்மையான பேரம் தொடங்கியது. எங்களுக்குத் தரப்பட்ட பொருள் நோய் விடுப்பு: ஒரு தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் முதல் மூன்று நாள் சம்பளத்தை யார் ஏற்பது? அவருடைய அச்சம் திங்கட்கிழமைகளைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து இன்னொரு நாளை நோய் என்று எழுதிக்கொடுப்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். நான் பார்த்தது வேறு. ஒரு நாள் கூலி போய்விடும் என்று நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு இயந்திரத்தின் முன் நின்ற ஆள், மதியத்துக்குள் இரண்டு விரலை இழந்த கதை என்னிடம் இருந்தது. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் பேசினோம். முதல் நாள் தொழிலாளியுடையது, இரண்டாம் நாள் முதலாளியுடையது, மூன்றாம் நாளிலிருந்து இருவரும் மாதந்தோறும் சிறிது சிறிதாகப் போட்டுவைக்கும் பொது நிதியிலிருந்து என்று ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதோடு, முதல் இரண்டு நாளுக்கு மருத்துவச் சான்று கேட்கக் கூடாது என்று அவராகவே சேர்த்தார். சான்று வாங்கப் போகும் செலவு ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்காமல் கிடைத்த வரி அது.

இந்த வெற்றிக்குக் காரணம் நாங்கள் நல்லவர்களாக இருந்தது என்று பயிற்சியின் நெறியாளர் நினைத்தார். பொருள் பங்கு போடக்கூடியதாக இருந்தது என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். மூன்று நாளை மூன்றாக வகுக்க முடியும். பணம், நேரம், விழுக்காடு, தவணை ஆகிய எதுவும் அப்படித்தான். அங்கே இடதும் வலதும் ஓர் எண்ணில் சந்திப்பதை இயலாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

பயிற்சியின் இதயம் என்று அவர்கள் கருதும் கருவி இங்கேதான் வருகிறது. திரையில் 0 முதல் 100 வரை ஒரு கோடு, அதில் இழுத்து நகர்த்தக்கூடிய இரண்டு குமிழ்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு கேள்விக்கும் இருவரும் தம் நிலையைக் குறித்துவிட்டு, பேசப் பேசக் குமிழ்களை நெருக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டும் தொட்டால் பச்சை அடையாளம் தோன்றி வாழ்த்துச் சொல்லும். பேச்சுவார்த்தையில் பழகிய எவருக்கும் இதன் பலவீனம் இரண்டாம் கேள்வியிலேயே தெரிந்துவிடும். முதல் கேள்விக்கு நான் நேர்மையாக 70 என்று வைத்தேன், அவர் நேர்மையாக 40 என்று வைத்தார், 55-இல் சந்தித்தோம். அடுத்த கேள்விக்கு அவர் 10-இல் வைத்தார். நான் சிரித்துக்கொண்டே 95-இல் வைத்தேன். நடுவில் சந்திப்பது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால், நடுவை நிர்ணயிப்பது யார் எவ்வளவு தூரம் தள்ளி நின்று தொடங்குகிறார் என்பதுதான். அரசியலிலும் நாம் நாள்தோறும் பார்ப்பது இதையே. ஒரு கட்சி ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓர் அடி விளிம்பை நோக்கி நகர்ந்தால், எதிர்க்கட்சி அசையாமல் நின்றாலும் ‘நடுநிலை’ நகர்ந்துவிடுகிறது. நேற்று நடுவில் நின்றவர் இன்று தீவிரவாதி ஆகிவிடுகிறார், அவர் ஒரு சொல்லையும் மாற்றாமலே.

எண்ணில் சுருக்க முடிந்தவை எல்லாம் எளிதாகத் தீரும் என்று மேலே சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் 1930 மார்ச் 27 அன்று ஹெர்மன் முல்லரின் பெருங்கூட்டணி அரசு விழுந்தது. சமூக ஜனநாயகவாதிகளிலிருந்து தொழிலதிபர்களின் ஆதரவு பெற்ற மக்கள் கட்சி வரை அதில் இருந்தார்கள். வேலையின்மைக் காப்பீட்டுக்கான கட்டணத்தைச் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்துவதா என்பதில் பிணங்கினார்கள். அரை விழுக்காடு. அதற்குக் கீழே இருந்த கேள்வியோ, நெருக்கடி வந்தால் அதன் சுமையை உழைப்பவர் தாங்குவதா உடைமையாளர் தாங்குவதா, இந்தக் குடியரசு யாருக்காக நடக்கிறது என்பது. அந்தக் கேள்விக்கு 3.75 என்று விடை எழுத முடியாது. அதன்பின் வந்த புரூனிங், நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாமல் அவசர ஆணைகளால் ஆண்டார். அதே ஆண்டு செப்டம்பர்த் தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்கு உயர்ந்தது. அரை விழுக்காட்டை விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது; நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஓர் எண்ணைப் பற்றிய சண்டை உண்மையில் எண்ணைப் பற்றியதுதானா என்று கேட்கத் தெரியாத கருவி, அந்த அறையில் எதற்கும் உதவியிருக்காது.

நான்காம் வாரத்துக்கு வாசிப்புக் குறிப்புகள் தந்தார்கள். நன்றாகவே எழுதப்பட்டவை, ஆனால் பொறுக்கி எடுத்தவை. இடது, வலது என்ற பெயர்கள் 1789-இல் பிரெஞ்சுத் தேசியச் சபையில் பிறந்த கதையோடு அவை தொடங்குகின்றன: அரசருக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்புறத்திலும், எதிர்த்தவர்கள் இடப்புறத்திலும் போய் அமர்ந்தார்கள். செப்டம்பர் 11 அன்று எடுத்த முடிவு ஒரு சமரசம். அரசர் ஒரு சட்டத்தை நிறுத்திவைக்கலாம், அடுத்தடுத்து வரும் இரண்டு சபைகள் அதையே வற்புறுத்தினால் அவர் விருப்பம் செல்லாது. குறிப்பு இத்தோடு நிற்கிறது, ‘முதல் பிளவே முதல் சமரசமும் ஆயிற்று’ என்ற பொருளில் ஒரு வரி சேர்த்து. அந்தச் சமரசம் என்ன ஆயிற்று என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். 1791-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பதினாறாம் லூயி அந்த அதிகாரத்தை மெய்யாகவே பயன்படுத்தத் தொடங்கினார். வெளிநாடு ஓடிய பிரபுக்களையும் உறுதிமொழி எடுக்க மறுத்த பாதிரியார்களையும் பற்றிய சட்டங்களை நிறுத்தினார். 1792 ஆகஸ்ட் 10 அன்று அரண்மனை தாக்கப்பட்டு முடியாட்சியே சரிந்தது. இறுதி அதிகாரம் யாருடையது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டார்கள்; மூன்றாண்டு கழித்து அது அரண்மனை வாசலில் வந்து நின்றது.

குறிப்புகளில் இருந்த டேனிஷ் உதாரணம் அருமையானது. அதை அவர்கள் தப்பாகப் படித்திருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். 1933 ஜனவரி 30, ஹிட்லர் பிரதமரான அதே நாள். கோபன்ஹேகனில் கான்ஸ்லர்காடே தெருவிலுள்ள பிரதமர் ஸ்டௌனிங்கின் வீட்டில் சமூக ஜனநாயகவாதிகளும் தீவிர லிபரல்களும் விவசாயிகளின் கட்சியான வென்ஸ்ட்ரவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஏற்றுமதியை நம்பியிருந்த விவசாயிகளுக்கு நாணயத்தின் மதிப்பைக் குறைத்துக் கொடுத்தார்கள். கூலியை வெட்டக் கதவடைப்புக்குத் தயாராயிருந்த முதலாளிகளைத் தடுத்து, நடப்பு ஊதிய ஒப்பந்தங்களைச் சட்டத்தால் ஓராண்டு நீட்டித்தார்கள். சமூகப் பாதுகாப்புச் சீர்திருத்தத்துக்கும் வழி திறந்தது. இதில் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? எவரும் எந்தக் கோட்டிலும் பாதி வழி நடந்து வரவில்லை. விவசாயிக்கு உயிரானது ஒன்று, தொழிலாளிக்கு உயிரானது வேறொன்று. தனக்கு உயிராக இல்லாததை ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஸ்வீடனிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது, அதற்கு அந்நாட்டார் இட்ட பெயர் ‘மாட்டு வியாபாரம்’. பெயரில் ஏளனம் இருந்தாலும் விவரணை துல்லியம்: மாடு வாங்குகிறவனும் விற்கிறவனும் ஆளுக்குப் பாதி மாடு எடுத்துக்கொண்டு போவதில்லை.

எங்களுக்கும் அப்படி ஒரு வியாபாரம் வாய்த்தது. ஆய்வாளர்களுக்காக அவர் பராமரிக்க வேண்டிய பதிவேடுகளை ஆண்டுக்கு ஒரே படிவமாகச் சுருக்க நான் ஒப்புக்கொண்டேன், எனக்கு அதில் இழப்பு அதிகமில்லை. பொது நிதிக்கு முதலாளி தரப்பின் பங்கைக் கூட்ட அவர் ஒப்புக்கொண்டார். இருவருக்கும் நிறைவு. ஆனால் குமிழ்கள் நடுவில் சந்திக்காமல் ஒரு கேள்வியில் 20-இலும் இன்னொன்றில் 85-இலும் போய் நின்றதால், அமைப்பு எங்கள் இரு கேள்விகளுக்கும் ‘முடிவு எட்டப்படவில்லை’ என்று சிவப்பில் எழுதிவிட்டது. நெறியாளரிடம் முறையிட்டோம், அதை மாற்றத் தமக்கு வழியில்லை என்றார். இது சரிசெய்யக்கூடிய குறை, சரிசெய்வார்கள் என்று நம்புகிறேன்.

சரிசெய்ய முடியாததற்கு வருகிறேன். ஐந்தாம் வாரக் கேள்வி: நீங்கள் உருவாக்கிய விதி யார் யாருக்குப் பொருந்தும்? அவர் பட்டறையில் ஒன்பது நிரந்தரத் தொழிலாளர்கள். அவர்களோடு, ஆள் அனுப்பும் முகவர் மூலம் வருகிற ஆறு பேர். ‘அவர்கள் என் ஆட்கள் இல்லை தோழர், முகவருடைய ஆட்கள்’ என்றார். அதே இயந்திரம், அதே ஷிப்ட், அதே காய்ச்சல் என்றேன். திரையில் கோடு வந்தது: ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்த உரிமையில் எத்தனை விழுக்காடு? நான் 100-இல் வைத்தேன். இம்முறை அது பேரத்துக்காகக் கூட்டிவைத்த எண் அன்று. அவர் 20-இல் வைத்தார். நாற்பது நிமிடம் பேசினோம். மணி பத்தாகிவிட்டது, இருவருக்கும் அலுப்பு, இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதையும் வந்துவிட்டிருந்தது. 60-இல் குமிழ்கள் தொட்டுக்கொண்டன. பச்சை அடையாளம் தோன்றி வாழ்த்தியது.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அந்த எண் உறைத்தது. நூற்றுக்கு அறுபது என்றால் ஐந்தில் மூன்று. 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள், பிரதிநிதித்துவத்தையும் நேரடி வரியையும் பங்கிட, அடிமைகளாக இருந்தவர்களை ஐந்தில் மூன்று என்று எண்ணி முடித்த அதே பின்னம். அந்தச் சமரசத்தைப் பலரும் தலைகீழாக நினைவு வைத்திருக்கிறார்கள். அடிமைகளை முழுதாக எண்ண வேண்டும் என்றவர்கள் அடிமை உடைமையாளர்கள்தான். ஏனெனில் தலை எண்ணிக்கை கூடினால் அவர்களுக்குச் சபையில் இடம் கூடும். எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கில் இருந்தார்கள். எண்ணப்பட்டவர்களுக்கோ ஐந்தில் ஒன்றோ மூன்றோ எதிலும் வாக்கு இல்லை, அவர்களில் ஒருவரும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. பிரான்சிடம் வாங்கிய லூயிசியானா நிலப்பரப்பை, அடிமை முறை இருக்கலாம், இருக்கக் கூடாது என்று ஓர் அட்சக் கோட்டால் பிரித்த 1820-ஆம் ஆண்டின் மிசௌரிச் சமரசமும், தப்பி ஓடியவர்களைப் பிடித்துத் திருப்பித் தரும் கடமையை வடக்கின் மேலும் சுமத்திய 1850-ஆம் ஆண்டின் சமரசமும் அதே மண்டபத்தின் பிள்ளைகள். இரண்டு பக்கமும் நாகரிகமாகப் பேசிக் கைகுலுக்கின, விலையை மூன்றாவது ஆள் கொடுத்தான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-இல் பதினான்காம் திருத்தம் அந்தப் பின்னத்தை அழித்தது.

பட்டறையின் விடுப்பும் அடிமை முறையும் ஒன்றல்ல. அப்படிச் சொன்னால் அது இரண்டையும் அவமதிப்பதாகும். வடிவம் ஒன்று என்பதே என் உறுத்தல். மறுவாரம் இதை அவரிடம் சொன்னபோது அவர் கேட்ட எதிர்க்கேள்வி வலுவானது: ‘சார் சார் என்று கூப்பிட்டுக்கொண்டே என்னைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். இன்று அவர்களுக்குக் கிடைப்பது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்கு அறுபது மேல் இல்லையா?’ மேல்தான். அந்த ஆறு பேர் அங்கே இருந்து, இப்போதைக்கு அறுபது போதும், மீதி நாற்பது இன்ன தேதிக்குள் என்று அவர்களே சொல்லியிருந்தால் நான் மறு பேச்சில்லாமல் கையெழுத்திட்டிருப்பேன். தமக்குரியதில் பாதியை விட்டுக்கொடுப்பது அவரவர் உரிமை. எங்கள் இருவரில் ஒருவருக்கும் அந்த நாற்பதால் ஒரு நாள் கூலியும் போகாது. நாங்கள் தாராளமாக இருந்தது பிறர் பையிலிருந்து எடுத்து.

அவரை மட்டும் சொல்லி நான் தப்ப முடியாது. எங்கள் சங்கமே ஓர் ஊதிய ஒப்பந்தத்தில், நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நல்ல உயர்வு வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத் தொழிலாளர்களின் கோரிக்கையை ‘அடுத்த சுற்றில் பேசலாம்’ என்று ஒதுக்கியது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான். அடுத்த சுற்று வந்தபோது அவர்களில் பாதிப் பேர் அங்கே வேலையில் இல்லை. இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் வலதுசாரியோடு செய்துகொள்ளும் சமரசத்தைவிட, தமக்குள்ளேயே சத்தமில்லாமல் செய்துகொண்ட சமரசம் சில வேளை கனமானது.

வாசிப்புக் குறிப்புகள் பெருமையோடு காட்டிய ஸ்பெயின் உதாரணத்திலும் இதே நிழல் விழுந்திருக்கிறது. சர்வாதிகாரி பிராங்கோ இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1977 அக்டோபர் 25 அன்று, பழைய ஆட்சியிலிருந்து வந்த பிரதமர் சுவாரஸும் தலைமறைவிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் கரியோவும் ஒரே மேசையில் மொன்குளோவா உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். விலைவாசி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது ஊதிய உயர்வுக்கு வரம்பு கட்ட இடதுசாரிகள் சம்மதித்தார்கள். ஜனநாயகம் நிலைத்தது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்னால் நிறைவேறிய பொது மன்னிப்புச் சட்டம், சிறையிலிருந்த அரசியல் கைதிகளைத் திறந்துவிட்ட அதே கையால், சர்வாதிகார ஆட்சியின் அதிகாரிகள் செய்தவற்றையும் விசாரணைக்கு எட்டாதபடி மூடியது. புதைகுழிகளில் கிடந்தவர்களின் பிள்ளைகள் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் எலும்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இன்னொரு குறை பயிற்சியின் அமைப்பிலேயே இருக்கிறது: எங்கள் இருவருக்கும் பின்னால் யாரும் இல்லை. சங்கத்தில் கையெழுத்திட்ட மறுநாள் காலை வாயிற்கூட்டம் உண்டு. உள்ளே எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை, விட்டுக்கொடுத்தது யாருடையதோ அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். சமரசத்தின் உண்மையான எல்லை பல வேளை அங்கேதான் தெரியவரும். இத்தாலியில் கம்யூனிஸ்ட் தலைவர் பெர்லிங்குவேர், சிலியில் 1973-இல் நடந்த இராணுவக் கவிழ்ப்பைப் பார்த்த பிறகு, 51 விழுக்காட்டோடு ஆண்டால்கூட இடதுசாரி அரசு தாக்குப்பிடிக்காது என்று கருதி, கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளோடு ‘வரலாற்றுச் சமரசம்’ வேண்டும் என்றார். 1976-இல் அவர் கட்சிக்கு 34.4 விழுக்காடு வாக்கு கிடைத்தது; அமைச்சரவையில் ஓர் இடமும் இல்லாமல் ஆந்திரேயோத்தியின் அரசைக் கவிழாமல் காத்தார்கள். 1978 மார்ச் 16 அன்று, கம்யூனிஸ்டுகளின் வெளிப்படையான ஆதரவோடு புதிய அரசு நம்பிக்கை கோரவிருந்த அதே காலையில், மறுபக்கத்தில் இந்தச் சமரசத்தைத் தோளில் சுமந்த கிறிஸ்தவ ஜனநாயகத் தலைவர் ஆல்தோ மோரோவைச் செம்படைப் பிரிவு என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவினர் கடத்தினார்கள். மே 9 அன்று அவர் உடல்தான் கிடைத்தது. மறு ஆண்டுத் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் 30.4-க்கு இறங்கினார்கள். சிக்கனத்துக்கு ஒத்துழைத்த பொறுப்பு அவர்களுக்கு, ஆட்சி மற்றவர்களுக்கு.

1989-இல் இந்தியாவில் வி. பி. சிங்கின் அரசை ஒரு பக்கம் இடதுசாரிகளும் மறுபக்கம் 85 உறுப்பினர்களைக் கொண்ட பாரதிய ஜனதாவும் வெளியிலிருந்து தாங்கியதை நம்மில் பலர் நினைவு வைத்திருப்போம். இரண்டு தரப்பையும் சேர்த்தது காங்கிரஸ் வேண்டாம் என்ற ஒரே புள்ளி. மண்டல் பரிந்துரையும் ரதயாத்திரையும் வந்ததும் அந்தப் புள்ளி தேய்ந்துபோய், பதினோரு மாதத்தில் அரசு விழுந்தது. பொது எதிரி தரும் ஒற்றுமை எதிரி விலகும் வரைக்குத்தான். பிரிட்டனில் 2010-இல் பழமைவாதிகளோடு ஆட்சியில் சேர்ந்த லிபரல் ஜனநாயகவாதிகள், பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த வாக்களிக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர்கள். கட்டண உச்சவரம்பு ஏறத்தாழ மூன்று மடங்கான நாளில் ஆதரவு, எதிர்ப்பு, ஒதுங்கல் என்று மூன்றாகச் சிதறினார்கள். 57 இடம் 2015-இல் 8 ஆயிற்று. விட்டுக்கொடுத்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய இந்த வாசலைப் பயிற்சியாளர்கள் ஆறு வாரத்தில் ஒரு முறையாவது காட்டியிருக்கலாம்.

சிறு விஷயங்கள்: காணொளி தடைபடவில்லை. நெறியாளர் பண்பானவர், ஆனால் மௌனத்தைக் கண்டால் பயப்படுகிறவர். இருவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து ‘நல்ல முன்னேற்றம்’ என்று சொல்லிவிடுவார். தொண்ணூறு நிமிட அமர்வு கடைசி அரை மணியில் களைப்பையே முடிவாக மாற்றுகிறது. எங்கள் அறுபது அப்படி வந்ததுதான்.

குடும்பத்திலோ அலுவலகத்திலோ அரசியல் பேச்சு எடுத்தாலே கதவை அறைந்துவிட்டுப் போகும் நிலையில் இருப்பவர்கள் இதில் தாராளமாகச் சேரலாம். எதிர்த்தரப்பை முட்டாள் என்றோ தீயவர் என்றோ நினைத்துக்கொண்டு நுழைகிறவர், அப்படியே வெளியே வர மாட்டார். சட்டமோ ஒப்பந்தமோ கொள்கையோ எழுதும் இடத்தில் இருப்பவர்கள் மட்டும், முதல் மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டு குமிழ்களை விட்டுவிடுவது நல்லது. மதிப்பெண் கேட்கும் படிவத்தில் ஐந்துக்கு மூன்று என்று போடத்தான் முதலில் கை போயிற்று; காரணம் மேலே சொல்லிவிட்டேன், போட மனம் வரவில்லை. நான்கு போட்டேன், முதல் மூன்று வாரத்துக்காக.

எங்கள் இறுதி அறிக்கையில் ஐந்தாம் பத்தி காலியாக இருக்கிறது. 60-ஐ இருவருமாக அழித்தோம். அதற்காக எங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் ‘பகுதி உடன்பாடு’ என்ற முத்திரையோடு வந்தது. இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு அழைப்பும் வந்தது. மூன்றாவது நாற்காலி ஒன்று போட்டு, அந்த ஆறு பேரில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதானால் வருகிறோம் என்று இருவரும் சேர்ந்து எழுதினோம். இந்தப் பயிற்சி இணையர்களுக்கானது, மூன்றாமவர் விரும்பினால் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுப் பார்வையாளராக இருக்கலாம் என்று பதில் வந்தது. ‘தோழர், பதிலைப் பார்த்தீர்களா?’ என்று அவர்தான் முதலில் செய்தி அனுப்பினார். அவர் அதற்குள் அந்த ஆறு பேரில் ஒருவரைக் கேட்டுவைத்திருந்தார். அந்த ஆளும் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருவதாகச் சம்மதித்திருந்தார்.